கதவில் எழுதி வைத்துவிட்டுப் போன ஊர்

மகளின் பிள்ளைப்பேறு பார்ப்பதற்காக 2023 ஆம் ஆண்டு மாசி மாதம் இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். மகள் சவுத்தாம்ப்டன் நகரத்தில் தாதியாக வேலை செய்கிறாள். குளிர் காலம் முழுவதும் குழந்தையோடும் குசினியோடும் போய்விட்டது. வைகாசியில் வெயில் எறிக்கத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை காலை மருமகன் என்னிடம் வந்தார்.

"மாமி, வந்த நாள் தொடக்கம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறியள். இண்டைக்கு ஒரு கிராமம் காட்டுறன் வாங்கோ."

"என்ன கிராமம் தம்பி?"

"டைனம் எண்டு பேர். அங்க ஒரு சனமும் இல்லை. எண்பது வருசத்துக்கு முதல் ஆமி எடுத்த ஊர்."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். சனம் இல்லாத ஊரைப் பார்க்க அம்மா இங்கிலாந்துக்கு வரவேணுமோ என்பதுதான் அது. என் மனதிலும் அதுவே ஓடியது. ஆனாலும் போவோம் என்றேன்.

ஒன்றரை மணித்தியாலப் பயணம். டோர்செட் என்பது இங்கிலாந்தின் தெற்குக் கரையில் உள்ள மாவட்டம். வேர்ஹம் என்ற சிறு பட்டினத்தைத் தாண்டியதும் பாதை ஒடுங்கிவிட்டது. இருபுறமும் உயிர்வேலி. எங்கள் ஊர் ஒழுங்கையைப் போலவே எதிரே ஒரு கார் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்கவேண்டும். பிறகு பாதை ஒரு நீண்ட சுண்ணாம்புக்கல் மேட்டில் ஏறியது. உச்சியில் காரை நிறுத்தினார்கள். கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் கடல், சரிவெல்லாம் செம்மறி ஆடுகள். வாய் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு அழகு.

அப்போதுதான் பாதையோரத்துப் பலகையைக் கண்டேன். வெடிக்காத எறிகணைகள் இருக்கலாம், பாதையை விட்டு விலகாதீர்கள் என்ற எச்சரிக்கை. நடைபாதையின் இரு கரையிலும் மஞ்சள் நிறக் கட்டைகள் நட்டிருந்தன. கண்ணிவெடி அகற்றும் காலத்தில் நாங்கள் பார்த்துப் பழகிய கட்டைகள் நினைவுக்கு வந்தன. என் கால்கள் தாமாகவே பாதையின் நடுவுக்கு வந்துவிட்டன.

டைனத்தின் கதை இதுதான். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் கரையில் இறங்குவதற்காகப் படைகளைப் பயிற்றினார்கள். பக்கத்தில் லல்வேர்த் என்ற இடத்தில் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே தாங்கிப் படைக்குச் சுடும் பயிற்சித் திடல் இருந்தது. அதை விரிப்பதற்கு இந்த ஊரும் சுற்றியுள்ள நிலமும் தேவைப்பட்டன. 1943 கார்த்திகை நடுப்பகுதியில் வீடு வீடாகக் கடிதம் வந்தது. நத்தாருக்கு முன்னர், மார்கழி 19 ஆம் திகதிக்குள், எல்லோரும் வெளியேறவேண்டும். ஏறக்குறைய 225 பேர். விவசாயக் கூலிகள், மீன்பிடிகாரர், ஆடு மேய்ப்பவர், துணி வெளுப்பவர். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று நம்பிப் போனார்கள்.

போர் 1945 இல் முடிந்தது. அவர்கள் திரும்பவில்லை. 1948 இல் அரசாங்கம் அந்த நிலத்தைக் கட்டாயமாக வாங்கி இராணுவத்திடமே நிரந்தரமாக விட்டது. 1968 இல் ஊரைத் திருப்பித் தரும்படி ஓர் இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் பிறகு 1975 அளவில் சுடும் பயிற்சி இல்லாத நாட்களில் சனங்கள் வந்து பார்க்க வழி செய்தார்கள். இன்றும் பெரும்பாலான வார இறுதிகளில் படலை திறந்திருக்கும். மற்ற நாட்களில் அங்கே குண்டுச் சத்தம்தான்.

ஊருக்குள் நடந்தோம். ஒரே வரிசையில் கல்வீடுகள். கூரை இல்லை. சுவரில் அடுப்புக்கல் அப்படியே இருந்தது. தபாற்கந்தோர் இருந்த வீட்டின் முன்னால் தொலைபேசிக் கூடு ஒன்று நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் அங்கே யார் குடியிருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று எழுதிப் படத்தோடு வைத்திருக்கிறார்கள். அதுதான் என்னை நிறுத்தியது. இடிந்த வீடுகளை நான் ஆயிரம் கண்டிருக்கிறேன். இடிந்த வீட்டில் குடியிருந்தவரின் பெயரை எழுதி வைத்ததை அன்றுதான் கண்டேன்.

பள்ளிக்கூடத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். சின்ன வாங்குகள், மேலங்கி கொழுவுகிற கொளுக்கிகளின் மேலே பிள்ளைகளின் பெயர்கள், பூவும் பூச்சியும் பார்த்து எழுதிய இயற்கைப் பாடக் கொப்பிகள். பிள்ளைகள் போதாதென்று 1932 லேயே அந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களாம். போர் வருவதற்கு முன்பே ஊர் மெலிந்துதான் இருந்திருக்கிறது. மின்சாரமும் இல்லை. எல்லாம் பொன்னாக இருந்த ஊர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஊர் மெலிந்து போவது வேறு, ஊரைப் பறிப்பது வேறு.

தேவாலயமும் கூரையோடு நிற்கிறது. போகும்போது அந்தச் சனங்கள் அதன் கதவில் ஒரு கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்களாம். மகள் அதில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னாள். தேவாலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பாருங்கள், போரில் வெல்ல உதவுவதற்காகத் தலைமுறையாக வாழ்ந்த வீடுகளைத் தந்துவிட்டுப் போகிறோம், ஒரு நாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு நன்றி என்பது அதன் சாரம். செய்யப்போகிற நன்மைக்கு முன்கூட்டியே நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

நான் வாங்கில் இருந்துவிட்டேன்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் வெளிக்கிட்டோம். எங்களுக்கு ஒரு மாதத் தவணை தரவில்லை. கடிதம் தரவில்லை. செல் விழுந்தது, ஓடினோம். அம்மா மட்டும் திரும்பி ஓடிப் போய்க் கதவைப் பூட்டித் திறப்பை எடுத்து, காணி உறுதியையும் ஒரு சீலைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "ரெண்டு கிழமையில வந்திடுவம், மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 2004 இல் மானிப்பாயில் ஒரு வாடகை வீட்டில் கண் மூடினார். திறப்பு தலையணைக்குக் கீழே இருந்தது.

தேவாலயத்தில் வருவோருக்கு விளக்கம் சொல்ல ஒரு முதிய ஆங்கிலப் பெண் இருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மகள் சொன்னாள். எங்கள் ஊரையும் இராணுவம் எடுத்தது என்பதையும் சொன்னாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்களைத் திரும்ப விட்டார்களா?"

ஆம் என்பதுதான் உண்மை. எங்கள் பக்கத்துக் காணிகள் 2017 இல் விடுபட்டன. டைனத்துச் சனத்துக்குக் கடைசிவரை கிடைக்காதது எனக்குக் கிடைத்திருந்தது. நான் ஒரே ஒரு தடவைதான் போனேன். வீடு இல்லை. அத்திவாரமும் இல்லை. பத்தை மண்டிக் கிடந்தது. கிணறு எங்கே என்று தேடி ஒரு மணித்தியாலம் அலைந்தேன். திரும்பி வந்தவள், அதன் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. காணியை விற்றுவிடுவோம் என்று தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"விட்டார்கள்" என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியென்றால் இப்போது அங்கேதானே இருக்கிறீர்கள்?" என்றார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை. அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு கடற்கரைக்கு நடந்தோம். வோர்பாரோ என்ற குடாவுக்கு இருபது நிமிட நடை. அங்கேயும் மீன்பிடிகாரரின் வீடுகள் இருந்திருக்கின்றன, இப்போது இல்லை. வழியெல்லாம் காட்டுப் பூக்கள், வண்ணத்துப்பூச்சிகள். எண்பது வருடமாக உழவும் இல்லை, மருந்தடிப்பும் இல்லை, புதிய கட்டடமும் இல்லை. ஆதலால் வேறெங்கும் அழிந்துபோன செடிகொடிகள் இங்கே பிழைத்திருக்கின்றன என்று மருமகன் சொன்னார். நல்லதுதான். எங்கள் வளவிலும் மயில் ஆடுகிறது என்று தங்கச்சி சொன்னவள். மயிலைக் கண்டு சந்தோசப்படுவதா, அழுவதா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை.

நடக்கும்போது மருமகன் இன்னொன்றும் சொன்னார். டைனத்துச் சனத்தில் பெரும்பாலோர் வாடகைக் குடிகள். நிலம் அந்த ஊர்ப் பெரிய வீட்டுக் குடும்பத்துக்குச் சொந்தம். அதனால் குடியிருந்தவர்களுக்கு நட்டஈடாகக் கிடைத்தது தோட்டத்தில் நின்ற காய்கறியின் பெறுமதி மட்டுமே. நூறு வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தாலும் காகிதத்தில் பெயர் இல்லையென்றால் நட்டஈடு முட்டைக்கோவாவுக்குத்தான்.

அதைக் கேட்டதும் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு அக்காவை நினைத்தேன். புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு வேறொருவர் காணித் துண்டில் கொட்டில் போட்டு இருந்தவர். எங்கள் வீட்டு மா இடிக்க வருவார். காணி விடுபட்டபோது உறுதிக்காரருக்குத்தான் காணி விடுபட்டது. அந்த அக்காவுக்கு எது விடுபட்டது? அவர் அங்கே இருந்தார் என்பதற்கு எங்களைப் போல நாலு பேரின் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஆவணியில் ஊர் திரும்பினேன். அடுத்த கிழமையே தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வளவுக்குப் போனேன்.

"விக்கிறதெண்டால் பிறகு விப்பம். முதல்ல கிணத்தைக் கண்டுபிடிப்பம்" என்றேன்.

"உனக்கு விசர் அக்கா" என்றாள். ஆனாலும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு கூலியாட்களோடு மூன்று நாள் பத்தை வெட்டினோம். மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றுக்கட்டின் ஒரு துண்டு தெரிந்தது. உள்ளே குப்பையும் கல்லும். இறைத்துத் துப்புரவாக்க இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. இப்போது தண்ணீர் இருக்கிறது. நான்கு தென்னம்பிள்ளையும் இரண்டு மாங்கன்றும் வைத்திருக்கிறேன். வீடு கட்டப் பணம் இல்லை. கிழமையில் இரண்டு நாள் பஸ்ஸில் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். தங்கச்சி இன்னும் முழு மனதோடு இல்லை. ஆனால் விற்பது பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு வேலையும் செய்தேன். ஒரு கொப்பி வாங்கி, 1990 இல் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக எழுதினேன். யார் இருந்தார்கள், எத்தனை பேர், என்ன தொழில், இப்போது எங்கே, யார் இல்லை. தெரியாததைத் தங்கச்சியிடம் கேட்டேன், கனடாவில் உள்ள மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். கடைசி வீட்டு அக்காவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவரைத் தேடிப் பிடித்தபோது, வேறு ஊரில் மகளோடு இருக்கிறார். கொப்பியில் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னையும் எழுதினியே பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, எங்களில் பலருக்குக் காணி அப்பாவின் பெயரில் அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கிறது. உறுதி தொலைந்திருந்தால், அது பதியப்பட்ட உறுதியாக இருந்தால், காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அலைச்சல்தான். ஆனாலும் எடுத்து வையுங்கள். உறுதியே இல்லாதவர்கள் இருந்த இடத்தையும் அயலவரின் பெயர்களையும் ஒரு கொப்பியிலாவது எழுதி வையுங்கள். எங்கள் பகுதியிலேயே இன்னும் விடுபடாத காணிகள் இருக்கின்றன. அந்தச் சனத்துக்கும் ஒரு கொப்பி வேண்டும்.

அம்மாவின் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதற்குப் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. கிணற்றடி மாங்கன்றுக்குப் பக்கத்தில் ஒரு தடி நட்டு அதில் கட்டிவைக்கலாமா என்று யோசித்தேன். துருப்பிடித்துவிடும் என்று தங்கச்சி சொன்னாள். கொப்பியின் அட்டைக்குள் வைத்திருக்கிறேன்.