தறியும் தூரிகையும்

கதைக்குப் படம் வரையும் கலையைப் பயில வரும் மாணவர்களிடம் கைத்திறனுக்குக் குறைவே இல்லை. கொடிபோல் வளையும் கோடு வேண்டுமா, வளையும். குதிரை பாய வேண்டுமா, பாயும்! அவர்தம் ஆசிரியராகிய நமக்குக் கண்ணோடுதான் வேலை. அது எளிய வேலையன்று, தோழர்களே!

இவ்வாண்டு நாம் தந்த பணி, நெசவாளி வீட்டில் ஒரு நாள். ஆறு படங்கள், எழுத்து ஒரு வரியும் கூடாது. முதல் வாரத்துச் சிறு வரைவுகளைச் சுவரிலே ஒட்டினோம். ஒட்டிவிட்டுத் திகைத்து நின்றோம். எல்லாத் தாள்களிலும் ஒரே பெண்! சிவந்த மேனி, சிரித்த இதழ், சரம் சரமாய் மல்லிகை, எதிரே இராட்டை. எங்கிருந்து வந்தாள் இந்த அம்மை? நாட்காட்டியிலிருந்து வந்தாள். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சகம் நிறுவி வீடுதோறும் அனுப்பிவைத்த முகத்தின் வழித்தோன்றல் அவள். சிவகாசி அச்சிலே ஆண்டுக்கு ஆண்டு புதுச்சேலை கட்டி, இன்று கைப்பேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டாள். பட்டு நெய்பவள் பட்டுடுத்திக்கொண்டா நெய்கிறாள்? கேட்பாரில்லை!

மாணவி ஒருவர் காஞ்சிபுரத்துக்காரர். தந்தை தறியில், தாய் அவருக்குத் துணை. அந்தப் பெண்ணும் அதே செம்மேனிச் செல்வியைத்தான் தீட்டியிருந்தார். “உன் அம்மா இப்படியா இருப்பார்?” என்று கேட்டோம். “இல்லை, ஐயா. ஆனால் எங்கள் அம்மாவை யார் படத்தில் பார்ப்பார்கள்?” என்றார்.

பாடக்குறிப்பை மூடிவைத்தோம். கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணியின் படங்களைக் காட்டினோம். சைலீசியா நெசவாளர் 1844-இல் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்ததை ஹௌப்ட்மன் நாடகமாக்கினார். அதை 1893-இல் பெர்லினில் கண்ட கோல்விட்ஸ், காட்சிக்குக் காட்சி படம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. தம் போக்கில் ஆறே படங்கள் செய்தார். மூன்று கல்லச்சு, மூன்று செப்புத்தகட்டு அச்சு. முதற்படத்தில் குழந்தையின் படுக்கையருகே தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய். பின்னால் இருட்டிலே தறி. 1898-இல் அவருக்குப் பொற்பதக்கம் தரப் பரிந்துரைத்தனர் கலைஞர்; தர மறுத்தார் கைசர் இரண்டாம் வில்லெம். தறிக்காரியின் துயரம் அரியணைக்கு உறுத்திற்று போலும்!

அடுத்த வாரம் கரித்துண்டும் தாளுமாகக் காஞ்சி சென்றனர் மாணவர்கள். குழித்தறியைக் கண்டனர். நெய்பவரின் கால்கள் குழிக்குள் மிதிக்கின்றன, உடல் தரைக்கு மேலே. பாதி புதைந்த மனிதராய்த் தோன்றுகிறார். நாட்காட்டிக்காரர் ஒருவரும் அந்தக் குழியை வரைந்ததாக நாம் அறியோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாகக் கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரைச் சேலை வாங்குவோர் அறிவதேயில்லை. மாணவர்கள் அன்று மாலைவரை வரைந்தனர். தார் சுற்றும் விரல், மடங்கிய முழங்கால், வாயிற்படி வழியே வரும் ஒரு துண்டு வெளிச்சம்!

காஞ்சிப் பெண்ணின் புதுப்படங்கள் பழுப்புத் தாளில் கரியால் வந்தன. மூன்றாவதில் தாயின் குனிந்த பிடரி மட்டுமே, முகமில்லை. வெள்ளைச் சுண்ணத்தை நூலுக்கு மட்டும் இட்டிருந்தார். மதிப்பிட வந்த பெரியவர், “அழகு எங்கே?” என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். நாம் வாதாடினோம், அவர் இசையவில்லை. மற்றவர்களில் பாதிப்பேர் செம்மேனியை இன்னும் விட்டபாடில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்காட்சிக்கு அந்தத் தாய் வந்திருந்தார். மூன்றாம் படத்தின்முன் நெடுநேரம் நின்றார். பிறகு மகளை அழைத்து, “துணையாள் உட்காரும் பக்கம் மாறிப்போச்சே” என்றார். பெண் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அங்கேயே தரையில் அமர்ந்து, தாயிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தத் தொடங்கினார்.