பாதி சொன்ன பாடம்



வெயில் காலம் வந்துவிட்டால் நம் மலாக்காவில் எல்லார் வாயிலும் இரண்டே பேச்சுத்தான். ஒன்று, "என்ன வெயில், என்ன வெயில்!" மற்றொன்று, "உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா?" இரண்டாவது பேச்சைத்தான் நானும் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கிய நாள் முதல் சொல்லிக் கொடுப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் ஒரு பாடத்தைப் பாதி மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருந்திய கதை இது.

நம் மாநிலம் சிறியது. பெரிய ஆறுகள் இல்லை. டுரியான் துங்கல், ஜுஸ், அசகான் போன்ற நீர்த்தேக்கங்களை நம்பித்தான் நம் வீட்டுக் குழாய்கள் இருக்கின்றன. (ஜுஸ் என்ற பெயரை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள், "டீச்சர், அந்த அணையில் குடிக்க ஜூஸா வரும்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள்.) இவை போதாமல் பக்கத்து ஜொகூரில் ஓடும் மூவார் ஆற்றிலிருந்தும் நீரை இறைத்துக் கொண்டு வருகிறோம். மழை சில மாதம் ஏமாற்றிவிட்டால் போதும், நம் பாடு திண்டாட்டம்தான்.

1991-ஆம் ஆண்டை மறக்க முடியுமா? டுரியான் துங்கல் அணை வறண்டு போனது. மலாக்கா பட்டணமே தண்ணீருக்குத் தவித்தது. எனக்கு அப்போது பத்து வயது. ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் குடியிருந்தோம். பட்டணத்துக்காரர்கள் தோட்டத்து மக்களை ஏளனமாகப் பார்த்த காலம் அது. ஆனால் அந்த வருடம் பட்டணத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தை, இரண்டு பிளாஸ்டிக் டின்களைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி எங்கள் லயத்துக் கிணற்றுக்கு வந்தார். கிணற்றடியில் நின்று அவர் முகம் கழுவிக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கை நீரைக் கூடச் சிந்தாமல் கழுவினார்.

எங்கள் அப்பாயி அத்தையின் டின்களை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "கொண்டுபோயி தொறந்து போட்டுறாத. மூடி வெச்சுப் பொழங்கு" என்றார். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர் ஒரு சட்டமே வைத்திருந்தார். பானையோ, பீப்பாயோ, எதுவானாலும் மேலே வெள்ளைத் துணி கட்டி மூடி இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் புதுத் தண்ணீர். அந்த வேலை என் தலையில் விழும். பீப்பாய்க்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்க்கும்போது அழுகையாக வரும். "தண்ணியே இல்லாத காலத்துல கழுவறதுக்கு வேற தண்ணியா, அப்பாயி?" என்று கேட்டு ஒரு குட்டு வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

காலம் ஓடியது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. லயத்து மக்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். எங்கள் பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு அதே இடத்தில் நிற்கிறது. பிள்ளைகள் வேனில் வந்து போகிறார்கள்.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் அணைகளில் நீர் இறங்கிவிட்டதால், முறை வைத்துத் தண்ணீர் விடப் போவதாக அறிவித்தார்கள். பள்ளி திறந்த புதிது. காலைக் கூட்டத்தில் நான்தான் எழுந்து பேசினேன். 1991-இன் கதையை உருக்கமாகச் சொன்னேன். "பிள்ளைகளே, தண்ணீர் வரும் நாளில் வீட்டில் இருக்கும் வாளி, அண்டா, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். அம்மா அப்பாவிடம் டீச்சர் சொன்னதாகச் சொல்லுங்கள்" என்றேன். பிள்ளைகள் பலமாகத் தலையாட்டினார்கள். நல்ல காரியம் செய்த நிறைவோடு உட்கார்ந்தேன்.

தைப்பூசம் முடிந்த வாரம், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. துறுதுறுவென்று இருக்கும் பையன். காய்ச்சல் என்றார்கள். பிறகு டிங்கி என்று தெரிந்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாலையில் பார்க்கப் போனேன். கையில் ஊசி ஏற்றி, உதடு காய்ந்து, கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் கிடந்தான். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றனவாம். அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவே, குற்றம் சொல்லும் எண்ணம் துளியும் இல்லாமல், இப்படிச் சொன்னார்:

"டீச்சர் சொன்னீங்கன்னு இவன்தான் டீச்சர் ஓடி ஓடி எல்லாத்துலயும் தண்ணி புடிச்சு வெச்சான். பின்னால பழைய டிரம் ரெண்டு கெடந்துச்சு, அதையும் உருட்டிட்டு வந்து ரொப்புனான். இப்ப சுகாதார இலாகாவுல இருந்து வந்து பாத்துட்டு, அதுலதான் புழு இருக்குன்னு சொல்றாங்க."

நான் என்ன பதில் சொல்வது? "ஒன்னும் ஆகாதும்மா, பையன் எழுந்திருச்சுருவான்" என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கூட வைக்காமல் சமையலறைப் பின்கட்டுக்குப் போனேன். நான் நிரப்பி வைத்திருந்த டிரம்மில் விளக்கடித்துப் பார்த்தேன். சின்னச் சின்னதாக நெளிந்து நெளிந்து கீழே போயின, கொசுப் புழுக்கள்.

அப்பாயி சொன்னதில் "தண்ணீர் பிடித்து வை" என்ற பாதியை நான் பத்திரமாக வைத்திருந்தேன். "மூடி வை, வாரம் தவறாமல் தேய்த்துக் கழுவு" என்ற மறுபாதியை, எனக்குப் பிடிக்காத வேலை என்பதால் மறந்தே போனேன். ஊருக்கும் அந்தப் பாதியைத்தான் உபதேசம் செய்தேன். அந்தப் பையனை எந்த வீட்டுக் கொசு கடித்ததோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம். ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "இனிப் பயமில்லை" என்று நான் மகிழ்ந்தபோது அங்கிருந்த தாதி, "காய்ச்சல் இறங்கும் இந்த நேரம்தான் டீச்சர் கவனமாக இருக்க வேண்டிய நேரம்" என்றார். மேலும் இரண்டு நாள் கழித்தே பையன் எழுந்து உட்கார்ந்தான். முதலில் கேட்டது மைலோ. என்னைப் பார்த்ததும், "டீச்சர், தண்ணி இன்னும் நின்னு நின்னுதான் வருதா?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அதற்கு முந்தைய 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 130,000-க்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்டார்கள். 182 பேர் இறந்தார்கள். அந்தக் கணக்கை நாளேட்டில் படித்து, பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனவள் நான்.

ஆகவே வாசகர்களே, அன்று காலைக் கூட்டத்தில் சொல்லாமல் விட்ட மறுபாதியை இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடாது. நாம் பிடித்து வைக்கும் தெளிந்த நீரைத்தான் தேடும். அதன் முட்டைகள் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் தொலைந்தது என்று எண்ணாதீர்கள். அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அப்பாயியின் வெள்ளிக்கிழமைக் கணக்கு எவ்வளவு சரி பாருங்கள்! அவருக்குக் கொசுவின் பெயர் தெரியாது. ஆனால் எட்டாம் நாளைத் தாண்ட விடவில்லை.

மூடி இறுக்கமாக இருக்கட்டும். பலகையைச் சாத்தி வைத்தால் இடுக்கு வழியாகக் கொசு புகுந்துவிடும். மூடி இல்லாத டிரம்முக்குத் துணியை இழுத்துக் கட்டுங்கள். பூச்சட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றையும் பாருங்கள். இன்னும் பால் வெட்டும் தோட்டங்களில் இருப்பவர்கள், மரத்தில் ஓய்ந்து கிடக்கும் மங்குகளைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வெயில் சூடு என்று சொல்லிக் காத்திராமல் கிளினிக்குக்குப் போய் ரத்தம் பரிசோதியுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு இவற்றில் எதைக் கண்டாலும், காய்ச்சல் இறங்கியிருந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மாசி மகமும் இந்த வெயிலில்தான் வருகிறது. செங் சன்னாசிமலைக்குப் பால்குடமும் காவடியும் எடுத்துப் போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் புண்ணியவான்களே, விழா முடிந்ததும் அண்டாக்களையும், சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் குவளைகளையும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்த மழைக்கு அவையும் கொசுத் தொட்டிகளே.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே மழையை வைத்தார். அவ்வளவு உயர்ந்த பொருளை வீட்டில் வைத்திருக்கிறோம் என்றால் அதற்குரிய காவலும் வேண்டாமா?

எங்கள் பள்ளியில் இப்போது வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்கி, தொட்டிகளையும் பூச்சட்டிகளையும் பிள்ளைகளே பார்க்கிறார்கள். வீட்டில் நானும் வெள்ளிக்கிழமை மாலை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரம்மைத் தேய்க்கிறேன். சாம்பலுக்குப் பதில் சவர்க்காரம். முதுகு வலிக்கிறது. "அம்மா, இதைப் போய் வாரா வாரம் தேய்க்கணுமா?" என்று என் மகள் முணுமுணுக்கிறாள். குட்டு வைக்கத்தான் கை வருகிறது. வைக்காமல், பிரஷ்ஷை அவள் கையில் கொடுக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டிலும் ஒருமுறை விளக்கடித்துப் பாருங்கள்.