கழுகுமலைப் பாதையில் 'டிக் டிக்'

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஆடிக் கிருத்திகைக்கு முருகனைத் தரிசிக்க நானும் என் வீட்டுக்காரரும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பஸ்ஸில் போகலாம் என்றுதான் சொன்னேன், அவர் கேட்டால்தானே!

வண்டிக்கு ஒரு வாரமாக உடம்பு சரியில்லை. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால் திணறும், இருமும், அணைந்துவிடும். போதாததற்குத் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி 'டிக் டிக்' சத்தம் வேறு. ஒரு கடையில் எஞ்சினைப் பிரிக்கணும், 8,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்ததோ மகளின் காலேஜ் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம்.

ஊரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல்தான். வெயிலில் வெடித்து, கை நுழைகிற அளவு பிளவு. அங்கங்கே உடைமரம். இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. ஆடியிலோ மேல்காற்று புழுதியை அள்ளி வீசும். முகப் பவுடர் போல நைசான புழுதி! முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். வண்டிக்கு ஏது முந்தானை?

கழுகுமலைக்குள் நுழைந்ததும் வண்டி நின்றே போயிற்று. நல்லவேளை, பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் ஒரு ஒர்க் ஷாப். மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். முதலில் வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளச் சொன்னார். புகை அடைந்தால் தலை சுற்றுமாம். (வீட்டுக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றுகிறவர்கள் கவனிக்க. அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.) ஸ்டார்ட் செய்து, நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் தலையில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பாரே, அதே மாதிரி!

"டேப்பட் சத்தம்தான் தாயி. வால்வுக்கு மேல இடைவெளி கூடிப்போச்சு. திணறல் வேற சங்கதி."

கார்புரேட்டரைக் கழற்றினார். (2020-க்குப் பிறகு வந்த புது வண்டிகளில் பெரும்பாலும் இது இல்லையாம். எங்களுடையது பழசு.) உள்ளே ஊசிக்கண் மாதிரி ஒரு ஜெட். பம்ப் ஸ்டவ்வுக்குப் பின் குத்திப் பழகிய கை எனக்கு. உடனே தாலிச்சரட்டிலிருந்து ஊக்கை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம் தாயி! பித்தளை மெதுவானது. கண்ணு பெருசாச்சுன்னா பெட்ரோலைக் குடிச்சிரும்" என்று காற்றடித்தே சுத்தம் செய்தார். அப்படியும் திணறல் போகவில்லை.

பிறகு செய்ததுதான் வேடிக்கை. வண்டியை ஓடவிட்டு, கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் மேல் பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். திணறல் சட்டென்று அடங்கி, தண்ணீர் வற்றியதும் திரும்ப வந்தது. ரப்பரில் மயிரிழை வெடிப்பு! நிற்கும்போது எஞ்சின் குடிப்பது கொஞ்சம் காற்று. அதில் திருட்டுக் காற்றும் கலந்தால் தடுமாறுகிறது. ஓடும்போது காற்று ஏராளமாகப் போவதால் அது தெரிவதில்லை.

"இப்படியே ஓட்டினா கரிசப் புழுதி பில்டர்ல படாம நேரா எஞ்சினுக்குள்ள போயி, உள்ளத் தேச்சிரும். அப்பத்தான் நெசமாவே பிரிக்க வேண்டி வரும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பையனைப் புது ரப்பர் வாங்க அனுப்பிவிட்டு, "டேப்பட்டை எஞ்சின் ஆறின பிறகுதான் பாக்கணும். சாமி கும்பிட்டு வாங்க" என்றார்.

முருகனைத் தரிசித்துவிட்டு மலையேறி வெட்டுவான் கோவிலுக்கும் போனோம். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மேலிருந்து கீழாகவே குடைந்துகொண்டு வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே நின்றும் என் வீட்டுக்காரருக்கு வண்டி நினைப்புத்தான்!

இறங்கி வந்தபோது எஞ்சின் ஆறியிருந்தது. மெல்லிய தகடு ஒன்றைச் செருகி அளந்து, டேப்பட்டைத் திருகி வைத்தார்.

"இன்னும் லேசாச் சத்தம் வருதே அண்ணாச்சி?"

"அது இருக்கணும் தாயி. சத்தமே இல்லாம இறுக்கினா வால்வு மூடாது, கருகிப் போகும்."

ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய்தான் ஆயிற்று.

கோவில்பட்டி திரும்பியதும் கடலை மிட்டாய் வாங்க இறங்கினேன். கடையில் கூட்டம். அவர் வண்டியை அணைக்காமலே நின்றுகொண்டிருந்தார். நான் பொட்டலத்தோடு வரும்வரை வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை.