களைப்புக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்?

ஸ்பானிஷ் படிப்பவர்கள் தொடக்கத்திலேயே கற்பது 'எஸ்தோய் கன்சாதோ': களைப்பாக இருக்கிறேன். 'எஸ்தோய்'க்குப் பதில் 'சோய்' போட்டால், நான் பிறரைச் சலிப்படைய வைக்கிற ஆள் என்ற தொனி வந்துவிடும். வெளியூர்க்காரர் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். 'யா மே கன்சே' (களைத்துவிட்டேன்) கதை வேறு. அயோட்சினாபா கல்லூரி மாணவர்கள் 43 பேர் காணாமல்போனது குறித்து 2014 நவம்பர் 7 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பின் முடிவில், மெக்சிகோவின் தலைமை அரசு வழக்கறிஞர் ஹெசூஸ் முரியோ கராம் வாயிலிருந்து வந்த சொற்கள் அவை.

உடல் அசதியைத்தான் சொன்னார் என்று வாதிடலாம், நெடுநேரம் பேசியிருந்தார். ஆனால் அந்த வினை 'எதைக் கண்டு?' என்ற கேள்விக்கு இடம் விடுகிறது. முன்னால் நிற்கும் 'யா' அதோடு 'போதும்' என்பதையும் சேர்க்கிறது. 'எஸ்தோய் அகோதாதோ' (தெம்பெல்லாம் தீர்ந்துவிட்டது) என்றிருந்தால் பேச்சு உடம்போடு நின்றிருக்கும். சொன்ன இடம்தானே குற்றம், சொல் என்ன செய்யும் என்பீர்கள். இடமும்தான். ஆனாலும் மக்கள் அதே சொற்களை ஹாஷ்டேக்காக்கி அரசின் பக்கமே திருப்ப முடிந்ததற்கு, அலுப்பும் கோபமும் அவற்றுக்குள்ளேயே இருந்ததுதான் காரணம். 'அகோதாதோ'வைப் பதாகையில் எழுதிப் பிடித்திருந்தால் எடுபட்டிருக்காது. டிக்கெட் விற்றுத் தீர்ந்தாலும் அங்கே அந்தச் சொல்லைத்தான் மாட்டிவைக்கிறார்கள்.