மெழுகுவர்த்தியும் குத்துவிளக்கும்

விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லவே நா கூசும் தலைமுறை அது. மலையேறிவிட்டது என்பார்கள். அந்தத் தலைமுறையின் கண் முன்னால் பேரக் குழந்தைகள் கேக்கின் மேல் எரியும் மெழுகுவர்த்திகளை ஒரே மூச்சில் ஊதி அணைக்கிறார்கள். வீடே கை தட்டுகிறது.

மத்திய ரயில்வே தடத்தில் கல்யாணுக்கு அப்பால் இருக்கிறது அம்பர்நாத். அங்குள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் இந்தச் சிக்கல் சத்தமில்லாமல் தீர்ந்துவிட்டது. நட்சத்திரப்படி பிறந்த நாளன்று குத்துவிளக்கு, கோயிலில் அர்ச்சனை, பாயசம். ஆங்கிலத் தேதியன்று கேக், மெழுகுவர்த்தி, பலூன். குழந்தைக்கு இரட்டை லாபம். யாரும் கமிட்டி போடவில்லை, எந்த சாஸ்திரிகளையும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் இவ்வளவு எளிதில் முடிந்த விஷயம் தெருவுக்கு வந்தால் தடியடியாகிவிடுகிறது. 1990களில் கேபிள் டிவியும் வாழ்த்து அட்டைக் கடைகளும் காதலர் தினத்தை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தன. அந்தப் பத்தாண்டின் முடிவிலிருந்தே மும்பையில் சிவசேனைத் தொண்டர்கள் கடைகளில் புகுந்து அட்டைகளைக் கொளுத்தினார்கள். 2023இல் மத்திய விலங்குகள் நல வாரியம் பிப்ரவரி 14ஐப் பசுவை அணைக்கும் நாளாகக் கொண்டாடும்படி வேண்டுகோள் விடுத்தது. நாடே சிரித்ததும் சில நாட்களிலேயே அதை விலக்கிக்கொண்டது. எல்லாவற்றையும் தாண்டி ரோஜாப்பூ விற்பனை நடக்கிறது.

இந்தச் சண்டையை மும்பைத் தமிழர்கள் சற்று வேறு மாதிரிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. 1966இல் சிவசேனை பிறந்தபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். லுங்கி கட்டியவர்களை விரட்டு என்று கோஷம் எழுந்தது. கடைகளும் உடுப்பி ஓட்டல்களும் கல்லடிக்கு ஆளாயின. ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற பட்டம் காதலர் தினத்துக்குக் கிடைப்பதற்கு முன்பே தமிழர்களுக்குக் கிடைத்துவிட்டது. பிறகு அவர்கள் எப்படி உள்ளூர்க்காரர்கள் ஆனார்கள்? மராத்தி கற்றார்கள். கணபதி மண்டலுக்குச் சந்தா கொடுத்து, ஆரத்தியிலும் நின்றார்கள். குழாயடியில் வரிசை பிடித்தார்கள். வந்தவர், வந்த இடத்தின் வேலையில் பங்கெடுத்தால் வந்தவர் என்பது மறந்துபோகிறது. பண்டிகைக்கும் அதே விதிதான்.

அம்பர்நாத்தே இதற்குச் சாட்சி. ஊருக்குப் பெயர் தந்த சிவன் கோயில் சிலாஹார மன்னர் காலத்தது, கல்வெட்டுப்படி கி.பி. 1060. மகாசிவராத்திரிக்கு அங்கே ஜனசமுத்திரம். அதே ஊரில்தான் ஸ்வீடன் தீப்பெட்டி நிறுவனத்தார் 1920களில் விம்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். குத்துவிளக்கை ஏற்றிய தீக்குச்சியிலேயே அன்னிய முதலீடு இருந்தது. அதனால் விளக்கின் புனிதம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆனால் எதிர்ப்பவர்கள் சொல்வது எல்லாமே வீம்பு அல்ல. இந்தத் தினங்கள் வியாபாரிகளின் கைவேலை என்ற குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொன்னது இந்தியர்களும் அல்ல. அமெரிக்காவில் 1908இல் அன்னையர் தினத்தைத் தொடங்கிவைத்த அன்னா ஜார்விஸ், 1914இல் அது அரசு அங்கீகாரம் பெற்ற பிறகு, பூக்கடைக்காரர்களையும் அட்டை வியாபாரிகளையும் எதிர்த்துப் போராடியே மீதிக் காலத்தைக் கழித்தார். தான் பெற்ற பண்டிகையையே ஒழித்துவிடப் பார்த்தார். முடியவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. வாழ்த்து அட்டை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. கொலு சுண்டலும் தீபாவளிப் பலகாரமும் கதவு கதவாகப் போகின்றன. பக்கத்து வீட்டு மராத்திக்காரர் சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்து, இனிமையாகப் பேசுங்கள் என்கிறார். பதிலுக்கு இங்கிருந்து சர்க்கரைப் பொங்கல் போகிறது. இந்தப் போக்குவரத்து நின்றால் நஷ்டம் நிஜமானது. கேள்வி, அதை நிறுத்துவது யார் என்பதுதான்.

காதலைக் கொண்டாடுவதை வெள்ளைக்காரன் கற்றுத்தர வேண்டியதில்லை. காமவேளுக்கு எடுத்த விழாவைப் பற்றிக் கலித்தொகை பேசுகிறது. தஞ்சாவூர் வட்டாரத்தில் மாசி மாதம் காமன் பண்டிகை நடக்கும். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்கள். அது நின்றுபோன ஊர்களில் நிறுத்தியது வாலண்டைன் அல்ல. டேப் எடுத்துப் பாட வேண்டிய இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அம்பர்நாத்தில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு திருநெல்வேலிக்காரர் இருக்கிறார். 70ஐத் தாண்டியவர். மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 2 விருப்ப விடுமுறை உண்டு. பொங்கலும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சர்வீஸ் முழுவதும் இரண்டில் ஒன்றைப் பொங்கலுக்கென்றே ஒதுக்கியவர் அவர். முதல் நாளே மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ரயிலேறி கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கி வருவார். நெரிசல் லோக்கலில் கரும்பு ஏற்றுவது தனி வித்தை.

அவர் மகனுக்கு ஐரோலியில் தனியார் கம்பெனி வேலை. அங்கே விருப்ப விடுமுறையும் இல்லை. மகாராஷ்டிரத்தில் பொங்கலுக்குப் பொது விடுமுறையும் இல்லை. பால் பொங்கும் நேரத்தில் அவர் டோம்பிவிலி தாண்டிக்கொண்டிருப்பார். டிசம்பர் 31க்கு லீவு போட வேண்டியதில்லை; ராத்திரி போதும். காதலர் தினத்துக்கு ஒரு சாயங்காலம் போதும். பொங்கல்தான் காலை வேளையைக் கேட்கிறது. அதையும் சூரியன் இருக்கும்போதே கேட்கிறது. வெளிநாட்டுப் பண்டிகைகள் வென்றது கவர்ச்சியால் மட்டும் அல்ல. அவை ஷிப்டுக்கு இடைஞ்சல் செய்யாத பண்டிகைகள். மகன்மீது பெரியவருக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, அதைச் சொல்வதில்லை.

தடி எடுக்காமலும் இதற்குப் பதில் சொல்லலாம். பக்கத்து டோம்பிவிலியில் கணேஷ் மந்திர் சன்ஸ்தான் 1999இல் குடி பாட்வா அன்று புத்தாண்டு ஊர்வலத்தைத் தொடங்கியது. மராத்தியர்களின் வருடப் பிறப்பு வீட்டு வாசலில் கொடி கட்டுவதோடு நிற்காமல் தெருவுக்கு வந்தது. புடவை கட்டிய பெண்கள், மோட்டார் சைக்கிள்கள், மேளம். பிறகு தானே, கிர்காவ் என்று பரவியது. ஜனவரி 1ஐக் கொண்டாடியவர் எவர் மீதும் கல் விழவில்லை. தங்கள் நாளைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தாராவித் தமிழர்களும் அதைத்தான் செய்கிறார்கள். வீட்டில் அடுப்பு வைக்கவே இடமில்லாத பெண்கள், பொங்கலன்று 90 அடிச் சாலையில் வரிசையாகக் கல் கூட்டிப் பானை வைக்கிறார்கள். ஒருத்தியின் பானை பொங்கினால் தெருவே குலவையிடுகிறது. அம்பர்நாத்தின் பிளாட்டுகளில் கேஸ் அடுப்பின் மேல் குக்கரில் தனியாக வெந்து இறங்கும் பொங்கலுக்கு அந்தச் சத்தம் கிடைப்பதில்லை.

கலாசாரத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் வாழ்த்து அட்டைக் கடைக்குப் போக வேண்டாம். மேலாளரின் அறைக்குப் போகலாம். பிப்ரவரி 14ஐ ஒழிப்பதைவிட ஜனவரியில் ஒரு நாள் லீவு வாங்குவது கடினம். ஆனால் பானை பொங்குவதற்கு அந்த ஒரு நாள்தான் வேண்டும்.