கேட்கத் தெரிந்த நடிகர்கள்

எக்காலத்துக்கும் உரிய சிறந்த நடிகர் யார் என்ற விவாதம், நாஞ்சில் நாட்டிலுள்ள எங்கள் பூதப்பாண்டியில் தேநீர்க் கடை வாசலிலும், பழையாற்றுப் படித்துறையிலும், பூதலிங்க சுவாமி கோயில் திருவிழாவுக்கு வந்து கூடும் உறவினர்களிடையிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. எம்.ஜி.ஆர். பக்கம் ஒரு கட்சியும் சிவாஜி பக்கம் ஒரு கட்சியுமாகப் பிரிந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு இரு பெயர்களைச் சொல்லி அதே உக்கிரத்தோடு வாதாடுகிறார்கள். அபிமானம் என்பது அவரவர் சொந்த விஷயம். அதற்கு யாருக்கும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் இல்லை. ஆனாலும், இன்னாரை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லுகிற மனிதன், எதனால் பிடிக்கும் என்று தன்னையே ஒருமுறை விசாரித்துக் கொள்வானாகில், நடிகரைப் பற்றி மட்டுமல்லாமல் தன் மனத்தின் அமைப்பைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்வான் என்பது என் எண்ணம்.

அந்த விசாரணையில் இறங்கியபோது எனக்குக் கிடைத்த அளவுகோல் இது: எதிரே நிற்பவர் பேசும்போது அந்த நடிகர் என்ன செய்கிறார்? தம் முறைக்காகக் காத்திருக்கிறாரா, அல்லது உண்மையாகவே கேட்கிறாரா? வசனம் பேசுவதற்குப் பயிற்சி போதும். பிறர் சொல்லைச் செவியில் வாங்கி, அது நெஞ்சில் இறங்கி முகத்தில் தோன்றும்வரை பொறுத்திருப்பதற்கு ஹிருதயம் வேண்டும். பொதுவுடைமைத் தலைவரும் பேச்சாளருமான ஜீவானந்தம் 1907ஆம் ஆண்டில் பிறந்த ஊர் இது. மேடையில் நின்று கர்ஜிக்கும் பேச்சின் பெருமையை எங்களுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கேட்பதே நடிப்பின் உயிர் என்று நான் சொல்வது, நாஞ்சில் நாட்டின் மற்றொரு சொத்தாகிய வில்லுப்பாட்டை மனத்தில் வைத்துத்தான். சுடலைமாடன் கொடையிலும் இசக்கியம்மன் கொடையிலும் இரவு முழுவதும் கதை சொல்லும் புலவரை எல்லோரும் புகழ்வார்கள். ஆனால் அவர் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் ‘ஆமா’ என்று ஏற்று, அந்த ஒரே சொல்லில் வியப்பையும் துயரத்தையும் சந்தேகத்தையும் மாறி மாறிக் காட்டுகிற பக்கத்துப் பாட்டுக்காரர் சோர்ந்துபோனால், கதையும் சோர்ந்துபோகும். உடுக்கையும் குடமும் தாளமும் எவ்வளவுதான் முழங்கினாலும் அந்தச் சோர்வை மறைக்க முடியாது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், என் பட்டியலின் முதல் ஸ்தானம் ஒருவருக்கல்ல, இருவருக்கு உரியதாகிறது. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி பிறந்து, வறுமையால் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று, பின்பு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்து, 1935இல் வெளிவந்த ‘மேனகா’ மூலம் திரைக்கு வந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், அவருடைய வாழ்க்கைத் துணைவியாகிய டி.ஏ. மதுரமுமே அந்த இருவர். கலைவாணரின் ஹாஸ்யத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவர் பிறரைப் புண்படுத்தாமல் சிரிக்க வைத்தார், சிரிப்பினூடே சிந்திக்க வைத்தார் என்பதெல்லாம் சத்தியமே. ஆனால் அந்த ஹாஸ்யம் பிறக்கிற இடத்தைக் கூர்ந்து பார்த்தால், அவர் ஒன்றைச் சொல்ல, மதுரம் அதை நம்பாத கண்களோடு வாங்கி, ஒரு சிறு கேள்வியைத் திருப்பிக் கேட்க, அந்தக் கேள்வியின் நியாயத்தில் கலைவாணர் ஒரு கணம் திகைத்து நிற்க, அந்தத் திகைப்பிலேதான் நகைச்சுவை மலர்கிறது என்பது விளங்கும். மனைவியின் சொல்லுக்குத் தோற்றுப்போவதில் அவருக்கு இருந்த ஆனந்தம் அவ்வளவு மனப்பூர்வமானது. 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில், நந்தனார் சரித்திரக் கதாகாலட்சேபத்தின் பாணியில் கல்வியின் மேன்மையைச் சொல்லும் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை அவர் நிகழ்த்தும்போது, சபையையும் பக்கவாத்தியத்தையும் ஒருசேர அணைத்துக்கொண்டு போகிற லாவகத்தில், நாஞ்சில் நாட்டு வில்லின் வாசனையை எங்கள் ஊரார் உடனே கண்டுகொள்வார்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, 1947இல் அவர் விடுதலையாகி வரும்வரை மதுரம் பட்ட பாட்டை அறிந்தவர்கள், திரையில் கண்ட அந்தப் பரஸ்பர அன்பு வெறும் பாவனையன்று என்பதையும் அறிவார்கள்.

அடுத்த ஸ்தானத்தைத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த டி.எஸ். பாலையாவுக்குத் தருகிறேன். 1936இல் வெளியான ‘சதி லீலாவதி’யில் வில்லனாகத் தொடங்கிய அவருடைய மேதைமை முழுவதையும், 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யின் ஒரே காட்சியில் காணலாம். படம் எடுக்கப் போவதாகச் சொல்லும் மகன் நாகேஷ் பேய்க்கதை ஒன்றை விவரிக்க, தகப்பனாராகிய பாலையா கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் காட்சி. கதை சொல்பவர் நாகேஷ், ஆனால் அந்தக் கதையில் பேய் உண்டு என்று நம்மை நம்பவைப்பது பாலையாவின் முகம். நான்கு ஆண்டுகள் கழித்து ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில், காயம்பட்டுத் தேறிய நாதஸ்வர வித்துவானை ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் பத்மினியையும், வாத்தியத்தாலேயே மறுமொழி தரும் சிவாஜியையும், தவிலை அணைத்தபடி மாறி மாறிப் பார்த்து பாலையா கண் கலங்குகிறார். கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரியை விடிய விடியக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, தவில்காரர் என்பவர் முதலில் நல்ல செவியுடையவர் என்பது தெரியும். பாலையாவுக்கும் அது தெரிந்திருந்தது.

சிவாஜி கணேசனை மிகை நடிப்புக்காரர் என்று குறைகூறுகிறவர்கள், 1965இல் வந்த ‘திருவிளையாட’லில் நாகேஷின் தருமி புலம்பித் தீர்க்கும்போது, இறைவனாக நிற்கும் சிவாஜி எவ்வளவு குறைவாகச் செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். கேட்பதற்கு இடம் கொடுத்து, அந்தக் காட்சியை மனமுவந்து நாகேஷிடம் ஒப்படைத்துவிட்டு நிற்கிற அந்தப் பெருந்தன்மைக்காகவே அவருக்கு என் பட்டியலில் உறுதியான இடம் உண்டு. ‘நவராத்திரி’யில் அவர் ஒன்பது வேடங்களைப் புனைந்ததை உலகம் கொண்டாடுகிறது. அந்த ஒன்பது பேரையும் ஒருத்தியாகவே இருந்து எதிர்கொண்ட சாவித்திரி, ஒருவரிடம் அச்சத்தோடும், ஒருவரிடம் பரிவோடும், மற்றொருவரிடம் மரியாதையோடும் செவிசாய்த்து, ஒன்பது மனிதர்களும் வெவ்வேறானவர்கள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறார். அவர் இல்லாவிட்டால் அவை ஒன்பது ஒப்பனைகளாக மட்டுமே நின்றிருக்கும்.

1956 நவம்பர் முதல் தேதி வரையில் திருவிதாங்கூரோடும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மக்கள் நாங்கள். ஆகையால் மலையாளப் படங்களும் எங்கள் வீட்டுச் சொத்தே. படையிலும் காவல்துறையிலும் பணியாற்றிவிட்டுத் திரைக்கு வந்த சத்யன், 1965இல் வந்த ‘ஓடையில் நின்னு’ படத்தில் ரிக்‌ஷா இழுக்கும் பப்புவாக வருகிறார். தான் வளர்த்துப் படிக்கவைத்த பெண்ணே தன்னை எண்ணி வெட்கப்படுகிறாள் என்று அறிந்துகொள்ளும் இடத்தில், ஒரு மனிதன் அவமானத்தைச் சப்தமின்றி விழுங்குவதை அவர் காட்டுகிற விதத்துக்கு ஈடாக நான் அதிகம் கண்டதில்லை.

எம்.ஜி.ஆர். பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அவருடைய கலை உடன் நடிப்பவரைத் தாண்டி, கொட்டகையில் தரையில் அமர்ந்திருக்கும் ஏழையோடு நேரே சம்பாஷிக்கிற கலை. அதன் வலிமையைத் தமிழ்நாடு தன் சரித்திரத்திலேயே கண்டுவிட்டது. அதை அளப்பதற்கு வேறு கோல் வேண்டும்.

இறுதியாக, நான் பார்த்திராத, இனி எவரும் பார்க்க இயலாத ஒரு நடிகைக்கும் இப்பட்டியலில் இடம் தர விரும்புகிறேன். அகஸ்தீசுவரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாள மௌனப் படமாகிய ‘விகதகுமார’னில் நாயகியாக நடித்த பி.கே. ரோசி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவராயிருந்தும் நாயர் பெண்ணாக வேடமிட்டார் என்பதற்காக, திருவனந்தபுரத்தில் படம் காட்டப்பட்டபோது திரையின்மீது கல் விழுந்தது. ஊரைவிட்டுத் தப்பி ஓடிய அவர், நாகர்கோவிலில் வேறு வாழ்க்கை தொடங்கி, நடிகை என்ற அடையாளமே இன்றி வாழ்ந்து மறைந்தார். கேரள அரசு இன்று டேனியல் பெயரில் உயரிய விருது வழங்குகிறது. ஆனால் அந்தப் படத்தின் பிரதி எங்கும் இல்லை. ரோசி எப்படி நடித்தார், எதிரே நின்றவர் முகத்தை எப்படிப் பார்த்தார் என்பது நமக்கு என்றும் தெரியப் போவதில்லை. தமிழின் முதல் பேசும்படமாகிய 1931ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ பிரதியும் இதே கதியை அடைந்தது. எக்காலத்துக்கும் உரியவர் என்று நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம், காலம் அழிக்காமல் விட்டுவைத்தவர்களுக்குள்ளேதான்.

ஆகவே வாசகர்களிடம் எனக்கு இரு விண்ணப்பங்கள் உண்டு. எஞ்சியிருக்கும் பழைய படங்களைப் பாதுகாப்பதையும், அவற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவதையும் நம் பொதுக் கடமையாகக் கொள்ள வேண்டும். உங்கள் பட்டியலை எழுதுமுன், பிடித்த காட்சி ஒன்றை மறுபடியும் போட்டு, பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவரை மட்டும் பாருங்கள். பெரிய நடிகர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.