அலாய் வீல்: ஒரு வேலைக் குறிப்பேடு

பிப்ரவரி 9

கார்களில் அலாய் வீல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். அதில் ஏறத்தாழ 7 விழுக்காடு சிலிக்கானும், அரை விழுக்காட்டுக்கும் குறைவாக மக்னீசியமும் இருக்கும். உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்புவதற்குச் சிலிக்கான். வார்த்தபின் சூட்டில் வைத்துப் பதமேற்றும்போது வலுக்கூட்டுவதற்கு மக்னீசியம்.

காற்றுப் பட்ட உடனே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உண்டாகிவிடும். உலோகத்துக்கு அதுதான் காவல். அதை உடைப்பதில் உப்பு கெட்டிக்காரன். ஆகவே தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்து, அதன் மேலே நிறமற்ற லேக்கர் பூசுகிறார்கள். நடைபாதை விளிம்பில் ஒருமுறை உரசினாலோ கல் தெறித்தாலோ போதும், அந்தக் கீறல் வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போய்விடும். லேக்கர் மேலே அப்படியே இருக்க, அடியில் அரிப்பு நூல்போல வளைந்து வளைந்து ஊர்ந்து போகும். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் புழு நகர்ந்த தடம்.

திருவான்மியூரில் கடற்கரைக்குச் சில தெருக்கள் தள்ளி நிற்கும் இந்தக் காரின் சக்கரங்கள் எல்லாவற்றிலும் அந்தத் தடம் இருக்கிறது. ஜனவரியில் காரின் சொந்தக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. அன்றிலிருந்து கார் நகரவில்லை. சக்கரங்களை உரித்து மெருகேற்றுவது என்று முடிவு செய்தவர் மகள். இரவெல்லாம் விழித்திருக்கும் வீட்டில் பகலில் கைக்கு ஒரு வேலை வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 10

டயர் கடையில் டயர்கள் கழற்றப்பட்டன. வால்வும் பேலன்ஸ் எடைகளும் எடுத்தாயிற்று. டயரை வைத்துக்கொண்டு செய்தால் விளிம்பு அரைகுறையாகத்தான் வரும்.

பிப்ரவரி 16

உரிப்பதற்கு எதைப் பூசுவது என்பதிலேயே ஒரு வாரம் போய்விட்டது.

பெயிண்ட் ரிமூவர்களில் வேகமானது டைகுளோரோமீத்தேன் கலந்தது. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்றும் போட்டிருக்கும். பூசிச் சில நிமிடங்களில் பெயிண்ட் சுருங்கி எழும்பிவிடும். ஆனால் அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். மூச்சில் ஏறினால் உடலுக்குள் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கும். அமெரிக்காவில் குளியலறைத் தொட்டிகளுக்குப் பழைய பூச்சை உரித்துக்கொண்டிருந்த தொழிலாளிகள் மூடிய அறைக்குள்ளேயே இறந்திருக்கிறார்கள். 2019-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் முகமை, வீட்டு உபயோகத்துக்கான பெயிண்ட் ரிமூவர்களில் அதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே கட்டுப்படுத்திவிட்டது.

நோயாளி படுத்திருக்கும் அறையின் ஜன்னல் கார் ஷெட்டைப் பார்த்துத்தான் திறக்கிறது. மூடினால் அறை புழுங்கும். மூடாவிட்டால் ஆவி. மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போகாமல் நின்றதால் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு பொருளைத் திறப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

காஸ்டிக் சோடா மலிவு. இரும்பில் பெயிண்ட் எடுக்க உதவும். அலுமினியத்தில் அதைப் போடவே கூடாது. பெயிண்டோடு உலோகத்தையும் தின்னும், ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும், சிலிக்கான் மிச்சப்பட்டுப் பரப்பு கறுத்துப்போகும். ‘வீல் ஆசிட்’ என்று விற்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் எலும்பு வரை போகும். அது வீட்டுக்குள் வரக்கூடாத பொருள்.

மிஞ்சுவது பென்சைல் ஆல்கஹால் சார்ந்த ரிமூவர். மெதுவானது. தடிமனாகப் பூசி, காயாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, மணிக்கணக்கில் விட வேண்டும். இதற்கும் கையுறையும் கண்ணாடியும் தேவை. வேலை ஷெட்டிலிருந்து பின்பக்கத் துணி துவைக்கும் கல்லுக்கு மாறியது. காற்று அங்கிருந்து தெருப்பக்கம் போகிறது.

பிப்ரவரி 17

லேக்கர் பல இடங்களில் எழும்பியிருக்கிறது. அடியில் இருக்கும் பெயிண்ட் அசையவில்லை. மறு பூச்சு.

பிப்ரவரி 25

சுரண்டுவதற்குப் பிளாஸ்டிக் தகடு, இடுக்குகளுக்கு நைலான் பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் வேகமாக எடுக்கும். ஆனால் அதன் துணுக்குகள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பிறகு துருப்புள்ளிகளாக வெளிவரும். உப்புக் காற்றில் இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான்.

உரித்தபின் தெரியும் உலோகம் அழகாக இல்லை. சாம்பல் நிறம், குழிகள், புழுத்தடம் ஓடிய பள்ளங்கள். பெயிண்ட் இருந்தபோதே நன்றாக இருந்தது என்று தோன்றும் கட்டம் இது.

மார்ச் 4

உப்புத்தாளின் எண் ஏற ஏற மணல் பொடியாகும். P180 தாளில் துகள் சராசரியாக 82 மைக்ரான், P400-இல் 35, P1500-இல் 13-க்கும் சற்றுக் குறைவு. மெருகு என்பது பெரிய கீறல்களை அதைவிடச் சிறிய கீறல்களால் அழித்துக்கொண்டே போவது. 180-இல் பள்ளங்களைச் சமன் செய்து, 240, 400, 600, 800, 1000, 1500 என்று ஏற வேண்டும். 400 முதல் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய திசைக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கோடு ஒன்று மிச்சமிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தாங்க முடியாத சலிப்பு இந்த வேலையில் உண்டு. சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே எந்த மெஷினும் நுழையாது. விரல்தான்.

பெரியவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். பேச்சுப் பயிற்சியில் கிழமைகளை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. மாலையில் சக்கர நாற்காலியைப் பின்பக்கம் தள்ளி வந்தபோது, 800 முடிந்திருந்த சக்கரம் மடியில் வைக்கப்பட்டது. வலது கை எழவில்லை. இடது கை நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தார்.

“கோடெல்லாம் போயிடுச்சுப்பா.”

நகம் ஓரிடத்தில் நின்றது. மறுபடி இழுத்தார். மறுபடி அதே இடத்தில் நின்றது.

“நானூறு,” என்றார். வெகுநேரம் கழித்து, “திரும்ப.”

கண்ணுக்குத் தெரியாத கீறல் நகத்துக்குத் தெரியும். 400-இல் எடுக்கவேண்டிய கோட்டை 800-இல் எடுக்க முயன்றால் நாள்கணக்கில் தேய்த்தாலும் போகாது. அந்த இடம் மறுபடி 400-க்கு இறங்கியது.

மார்ச் 5

வேலை இல்லை. இரவு இரண்டு மணிக்கு மேல்தான் அவர் தூங்கினார்.

மார்ச் 18

பஃப்பிங். முதலில் சணல்போன்ற சிசல் நார்ச் சக்கரமும் பழுப்பு டிரிபோலிக் கட்டியும். அடுத்து மென்மையான பருத்தித் துணிச் சக்கரம், அதற்கு வெள்ளைக் கட்டி. கட்டிக்கு ஒரு துணிச் சக்கரம் தனியாக வேண்டும். கலந்தால் பெரிய துகள் மறுபடி கோடு போடும். சுழலும் துணி, விளிம்பை விட்டு வெளியே போகும் திசையில்தான் பட வேண்டும். எதிர்த்திசையில் பட்டால் சக்கரத்தைப் பிடுங்கி எறியும்.

உலர்ந்த அலுமினியத் தூள் தீப்பிடிக்கும், காற்றில் மிதந்தால் வெடிக்கவும் செய்யும். இரும்பு அரைத்துப் பொறி பறந்த இடத்தில் இந்த வேலை கூடாது. தூளைக் கூட்டி மூலையில் சேர்த்து வைக்கவும் கூடாது. முகத்துக்குத் துணி போதாது, வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும்.

துணியில் கறுப்பு மசி சேர்ந்துகொண்டே இருந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தபோது அடியில் முகம் தெரிந்தது. வார்ப்பு அலுமினியம், அடித்து உருவாக்கிய அலுமினியத்தைப்போலக் கண்ணாடி ஆகாது. சிலிக்கான் துகள்களால் சற்றுச் சாம்பல் சாயல் தங்கும், ஊசிமுனைத் துளைகளும் இருக்கும். இருந்தும் முதல் சக்கரம் அழகு. சந்தேகமே இல்லை.

மார்ச் 19

பெரியவர் அதை ஜன்னலோரம் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மார்ச் 29

கடைசிச் சக்கரத்தின் உள்பக்கத்தில், டயர் உட்காரும் இடத்துக்கு அருகே, மயிரிழைக் கோடு. 400 போட்டும் போகவில்லை. சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி தூவும் சோதனையில் சாயம் கோடாக வெளியே கசிந்தது. கீறல் அல்ல, விரிசல்.

வெல்டிங் கடையில் ஒட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். இந்தக் கலவையை 540 டிகிரி அளவில் காய்ச்சி, நீரில் குளிர்வித்து, மறுபடி குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைத்துத்தான் வலுவேற்றுகிறார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். மேலே தேய்த்து மெருகேற்றினால் ஒட்டே தெரியாது. தெரியாமல் போவதுதான் ஆபத்து. விரிசல் விட்ட சக்கரம் சாலைக்குப் போகக்கூடாது.

மார்ச் 30

பிசியோதெரபிஸ்ட் வலது கையைப் பற்றி இன்றும் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 13

மெருகேறிய வெற்று அலுமினியம் கடற்காற்றில் சில வாரங்களில் மங்கும். மறுபடி லேக்கர் பூசலாம். ஆனால் வழுவழுப்பான பரப்பில் அது சரியாகப் பிடிக்காது, ஒரு கீறல் விழுந்தால் பழைய கதை. மெழுகு பூசி, மங்கும்போதெல்லாம் மறுபடி துடைப்பதே மேல். வேலை முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் இது நல்ல முறை.

மூன்று சக்கரங்களும் டயர் ஏற்றி, பேலன்ஸ் பார்த்து மாட்டப்பட்டன. நான்காவது இடத்தில் ஸ்டெப்னியின் இரும்புச் சக்கரம். இரும்புக்கும் அலாய்க்கும் நட்டின் அமர்விடம் வேறுபடலாம் என்பதால் இரண்டுக்கும் உரிய நட்டுகளைச் சரிபார்க்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

விரிசல் விட்டதற்குப் பதிலாக வாங்கும் ஜோடிச் சக்கரத்துக்கு விட்டம், அகலம், ஆஃப்செட், போல்ட் துளைகளின் இடைவெளி, நடுத்துளை ஐந்தும் பொருந்த வேண்டும். இவற்றில் முதல் மூன்று சக்கரத்தின் உள்பக்கத்தில் வார்ப்பிலேயே பதிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு புதுப்பேட்டையில் கடைகடையாகக் கேட்டதில், விட்டமும் அகலமும் பொருந்திய ஒன்று கிடைத்தது. ஆஃப்செட் பொருந்தவில்லை. அடுத்த வாரம் சரக்கு வரும் என்றார்கள்.